செரங்கெட்டி போகுமுன் அரிட்டாபட்டி பார்த்தீரா?

கையில் நாலு காசு புழங்கினால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பிரயாணம் போவது இப்போது ஒரு மோகமாகி வருகிறது. போகட்டும், தப்பில்லை! டான்சானியாவின் செரங்கெட்டியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் மழையைத் தேடி மந்தை மந்தையாகக் கென்யாவின் மாசாய் மாரா வரை போய்த் திரும்புகின்றன. கிளிமஞ்சாரோவோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே பனிமுடி சூடி, 5,895 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் நைரோபிக்கு விமானம் ஏறும் சமயநல்லூர்க்காரரே, ஒரு கேள்வி. அரிட்டாபட்டியைப் பார்த்தீரா?

நமது மதுரைச் சீமை லேசுப்பட்டதல்ல. யானைமலை, நாகமலை, பசுமலை என்று மலைகளையே மிருகங்களாகப் பார்த்த ஊர் இது! மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியிலோ நிஜப் பிராணிகளே உண்டு. ஏழு குன்றுகள், ஏரிகள், வற்றாத சுனைகள். தேவாங்கு, எறும்புத்தின்னி, சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. போதாக்குறைக்கு 2 ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழிக் கல்வெட்டும், பாறையைக் குடைந்த சிவன் கோயிலும்! 2022 நவம்பரில் இதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பரப்பு 193 ஹெக்டேர்தான். செரங்கெட்டியோ 14,763 சதுர கிலோமீட்டர்.

அறிவித்து இரண்டே ஆண்டு. 2024 நவம்பரில், இந்தத் தலத்தையும் சேர்த்து 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க மத்திய சர்க்கார் ஏலத்தை முடித்துவிட்டது! பாரம்பரியப் பட்டம் அதைத் தடுக்கவில்லை. டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டார விவசாயிகள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தாயிற்று.

செரங்கெட்டியில், வெள்ளைக்காரன் ஆட்சியின்போது, 1959-ல் மாசாய் மக்களை வெளியேற்றி மிருகங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பாடம் நமக்கு வேண்டவே வேண்டாம். அரிட்டாபட்டியில் ஜனங்கள் இருந்ததால்தான் மலை பிழைத்தது.

நமக்கு வேண்டியது வேறு. பாதுகாக்கப்பட்டது என்று ஒரு சர்க்கார் எழுதிய நிலத்தை, இன்னொரு சர்க்கார் ஏலப் பட்டியலில் சேர்க்க முடியாதபடி சட்டம் கெட்டிப்பட வேண்டும். கிராம சபையின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு அல்ல. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதை நாம் கண்ணால் கண்டவர்கள் அல்லவா?

அரிட்டாபட்டிக்குக் கிடைத்த பட்டத்தை நாகமலைக்கும் கேட்கலாம். சமயநல்லூர்க்காரர்கள் இப்போதே மனுப் போடட்டும். அடுத்த ஏலப் பட்டியல் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?