பேச வராத பிள்ளைக்கும் எழுத்து வேண்டும்

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வசிக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பையனுக்கு வயது பதினொன்று. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை கால்கள் சொன்னபடி கேட்பதில்லை; நாக்கும் அப்படியே. ஆனால் காது கூர்மை, கண் கூர்மை. வீட்டில் யாராவது வேடிக்கையாக ஏதேனும் சொன்னால் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

அவனுக்கென்று ஒரு படப் பலகை வைத்திருக்கிறார்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, தூக்கம், டி.வி. என்று பன்னிரண்டு படங்கள். வேண்டியதை அவன் கண்ணால் காட்டுவான். ஒரு நாள் மாலை அவன் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அழுதான். தண்ணீர் கொடுத்தார்கள்; தள்ளிவிட்டான். படுக்க வைத்தார்கள், கத்தினான். இரவு பத்து மணி வரை எல்லோரும் கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். அன்று அவன் சொல்ல வந்தது என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாமே" என்றேன். அவன் பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "பேச்சே வராத பிள்ளைக்கு எழுத்து என்னத்துக்கு ஐயா?" என்றார்.

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவனைச் சேர்க்கப்போன பள்ளி ஒன்றிலும், "முதலில் பேச்சு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றுதான் அனுப்பிவிட்டார்களாம். இந்த எண்ணம் தலைகீழானது என்பதே என் கருத்து. பேச வருகிற பிள்ளைக்கு எழுத்து ஒரு கூடுதல் வசதி. பேச வராத பிள்ளைக்கோ எழுத்துதான் வாய். படப் பலகையில் நாம் வரைந்ததை மட்டுமே அவனால் சொல்ல முடியும். எழுத்து கைவந்துவிட்டால், நாம் நினைத்தே பாராததையும் அவன் சொல்லலாம். "வயிறு வலிக்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லலாம். "அந்த ஆள் என்னை அடித்தான்" என்று அம்மாவிடம் சொல்லலாம்.

இது வெறும் ஆசை அல்ல என்பதற்கு நம் மும்பையிலேயே சான்று இருக்கிறது. மூளை முடக்குவாதத்துடன் பிறந்த மாலினி சிப் என்ற பெண்மணியின் பேச்சு பிறருக்கு எளிதில் புரிவதில்லை. அவர் ஒரு விரலால் தட்டச்சு செய்வார். தட்டியதைக் கருவி குரலாக்கிப் பேசும். புனித சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்று, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றவர். 2010-ல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு 'ஒரு சிறு விரல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். அவருடைய தாயார் மிது அலூர் 1972-ல் பம்பாயில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, பின்னாளில் 'அடாப்ட்' என்று பெயர் மாறியது. தாராவிக் குழந்தைகளிடையிலும் அது பணியாற்றியிருக்கிறது. சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்று அறியப்படுகிறது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர் அந்த நிறுவனத்துடன் சேர்ந்து உழைத்து, 'ஆவாஸ்' என்னும் பேச்சுக் கருவியை உருவாக்கினார். அதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் 2011-ல் உலகின் இளம் கண்டுபிடிப்பாளர் 35 பேருள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

"மாலினியின் தாயார் படித்தவர், வசதியுள்ளவர். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்கிற தாய்க்கு இதெல்லாம் நடக்குமா?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கருவி பிறகு வரட்டும். தொடங்குவதற்கு ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதும்.

தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன, இத்தனையையும் அட்டையில் எப்படி அடக்குவது என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 போதும். ம் என்பதையும் ஆ என்பதையும் அடுத்தடுத்துக் காட்டினால் அது மா. நம் இலக்கணம் வகுத்த வரிசையே இதற்கு எவ்வளவு வசதியாக அமைந்திருக்கிறது பாருங்கள்! உயிரை ஆறு ஆறாக இரண்டு வரிகளில் எழுதுங்கள். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. அவை மூன்று வரிகள். ஆக ஐந்து வரி, வரிக்கு ஆறு எழுத்து. ஆறாவது வரியில் ஆய்தத்தோடு ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால் மாஹிம், விஜய் எல்லாம் எழுதலாம். விரல் நீட்ட முடியாத பிள்ளையிடம், "முதல் வரியா? இரண்டாம் வரியா?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கண்ணை உயர்த்தினால் அந்த வரி. பிறகு அந்த வரியில் எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். ஓரத்தில் 'ஆம்', 'இல்லை', 'தப்பு, மறுபடியும்' என்று மூன்று கட்டங்கள் கட்டாயம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்து நாம் எழுத்தின் மேல் கொண்டுபோய் வைத்தால், வருவது நம் சொல். அவன் சொல் அன்று. வெளிநாடுகளில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தபோது, எழுதியவர்கள் கையைப் பிடித்திருந்தவர்களே என்று தெரியவந்தது. மெதுவாக ஆனாலும் அவனே காட்டட்டும்.

எழுத்தைக் காட்டினால் மட்டும் படிப்பு வந்துவிடாது. மற்றப் பிள்ளைகளைப் போலவே இவனும் கதை கேட்க வேண்டும். புத்தகத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து, வரியில் விரல் வைத்து, தினம் பத்து நிமிடம் படித்துக் காட்ட வேண்டும். படித்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்கக் கூடாது. படப் பலகையையும் எடுத்துவிடக் கூடாது. படமும் எழுத்தும் சேர்ந்தே இருக்கட்டும். பலகை பழகினால் வருகிற பேச்சும் நின்றுபோகும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதே ஆராய்ந்தவர்கள் கண்டது.

"மும்பையில் இருந்துகொண்டு தமிழ் எதற்கு? இந்தியோ ஆங்கிலமோ கற்பிக்கலாமே" என்பார் சிலர். அவையும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்டது பாட்டியின் தமிழை. வாயால் ஒலித்துப் பார்க்க முடியாதவன் காதில் கேட்ட ஒலியைத்தான் எழுத்தோடு பொருத்தியாக வேண்டும். அவன் நன்கு அறிந்த ஒலி எதுவோ, அதிலிருந்துதானே தொடங்க வேண்டும்?

சட்டமும் இவர்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் தொடர்பு முறைகளைக் கல்வியில் ஊக்குவிக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவில் அரசுக்குக் கடமை விதிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர உதவியாளர் ஆகியவையும் அதே பிரிவில் உள்ளன. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் தாராவிச் சந்துக்குள் தானாக நடந்து வராது. யாராவது அழைத்து வர வேண்டும்.

அந்த 'யாராவது' நாமாக இருக்கக் கூடாதா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விழா மலர்கள் அச்சிடும் நம் சங்கங்கள், அதே அச்சகத்தில் கெட்டி அட்டையில் தமிழ் எழுத்துப் பலகை நூறு அச்சிடலாம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்ட ஐந்து பேர் முன்வரலாம். பலகையை நீட்டிவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளலாம். இவற்றுள் காத்திருப்பதுதான் கடினம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எண்ணையும் எழுத்தையும் கண்களுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பேசுகிறவர்களுக்கு மட்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை.

சென்ற மாதம் அந்தப் பையனுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உயிரெழுத்தில் பாதி வந்திருக்கிறது. அன்று மாலை அவன் என்ன கேட்டான் என்பதை அவனே ஒரு நாள் எழுதிச் சொல்வான் என்று நம்புகிறேன்.