பாட்டிமார் சொன்ன பதுளை

விழா மலரில் இடம்பெறத் தக்கவை எவை என்பது பற்றி நம்மிடையே எழுதாத விதியொன்று உண்டு. அதிபர்மாரின் தொண்டு வரும். கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள் வரும். கிரிக்கெட் ஆட்டத்திற் பெற்ற வெற்றிகள் வரும். சைவமும் தமிழும் வளர்ந்த வரலாறு தவறாமல் வரும். பேய்க்கதை மட்டும் வருவதில்லை. ஆயினும் விடுதியில் விளக்கணைத்த பின்னர், பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து மாணவர் சொல்ல, மற்றையோர் போர்வைக்குள் ஒடுங்கியிருந்து கேட்ட கதைகள் நம்மிற் பலருக்குப் பாடப்புத்தகத்தினும் நன்றாக நினைவிலிருக்கின்றன என்பதைப் பழைய மாணவர் எவரும் மறுக்கார். பின்னாளிற் பட்டம் பெற்று உத்தியோகம் பார்த்த நாமே அவற்றை “மூடநம்பிக்கை” என்னும் ஒரு சொல்லால் மூடி வைத்துவிட்டோம்.

மூடியது சரியன்று என்பது என் கருத்து. அக்கதைகள் எல்லாம் உண்மையென்று வாதிக்க நான் வரவில்லை. ஒரு கதை உண்மையா பொய்யா என்று கேட்குமுன், அது யார் வாயிற் பிறந்தது, யாருக்கு உதவியது என்று கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. அவ்வாறு கேட்கத் தொடங்கினால் ஊவாவின் கதைகள் இரு கூறாகப் பிரிந்து நிற்கும். தோட்டத்து மக்களுக்குப் பிறர் சொல்லிவைத்த கதைகள் ஒரு கூறு. அம்மக்கள் தாமே தமக்காகக் கட்டிக்கொண்டவை மற்றொரு கூறு.

பட்டினத்துக் கதைகளை முதலிற் சொல்லி முடிக்கிறேன். மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் துரை பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். யானை வேட்டையிற் பேர்போனவர். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400 இற்கும் மேல் என அக்கால ஆங்கில நூல்கள் கூறும். 1845 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இடிமழை பெய்துகொண்டிருந்தபோது, அப்புத்தளையில் தங்குமிடத்து விறாந்தையில் நின்றவரை மின்னல் தாக்கியது, அவ்விடத்திலேயே இறந்தார். இவ்வளவும் சரித்திரம். சனங்கள் இத்துடன் விடவில்லை. நுவரெலியாவில் அவரைப் புதைத்த கல்லறையையும் இடி தேடிவந்து அடிக்கிறது என்றார்கள். எங்கள் அம்மாயி சொன்ன வகையில், துரை கடைசியாகச் சுட்டது கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துவிட்ட யானை.

இதே றொஜர்ஸ் மலைநாட்டிற் பாதைகள் திறந்தவர், நல்ல நிருவாகி என்றும் எழுதியிருக்கிறார்கள். பதுளையிலுள்ள புனித மார்க்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. கல்லில் ஒரு தீர்ப்பு; நாவில் வேறொரு தீர்ப்பு. 1,400 உயிர்களைக் கொன்றதற்கு அவரை விசாரிக்க நாட்டில் ஒரு நீதிமன்றமும் இல்லாதபோது, பாட்டிமார் வானத்தைச் சாட்சிக்கு அழைத்து வழக்கை முடித்துவிட்டார்கள். சிங்களக் கிராமத்திற் பிறந்த கதை லயத்துக்கு வந்து சேர்கையில் கந்தனையும் கூட அழைத்து வந்தது என்று எண்ணுகிறேன். வேலிக்கு இருபுறமும் வாழ்ந்தவர் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள் என்று இக்காலத்திற் சொல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று சோபியா வில்சன் அம்மையாருடைய கல்லறை. 1817 இல் அவர் பதுளையில் இறந்தார். அவ்வாண்டிலேயே ஊவா எழுச்சி தொடங்கியபோது அவருடைய கணவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்பு பட்டு மாண்டார். அம்மையாரின் கல்லறைக் கல்லை ஓர் அரசமரம் வேர்விட்டுத் தழுவிக்கொண்டது. அவ்வழியே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு வேறு கதை வேண்டியிருக்கவில்லை. பட்டினம் போதும், மலைக்கு ஏறுவோம்.

தோட்டத்துக் கதைகளுக்கெல்லாம் மூத்த கதை பேயைப் பற்றியதன்று, தேங்காயைப் பற்றியது. கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் நம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள் என்பதைக் கேளாமல் வளர்ந்த மலைநாட்டுப் பிள்ளை இல்லை. தென்னையும் மீனும் மலையில் விளையும் என்று நம்ப மனிதன் அத்தனை பேதையா என்று நகைக்கும் நண்பர் உளர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை அவர்கள் நினைந்து பார்க்க வேண்டும். வயிறு காய்ந்தவனுக்குக் கதை சொல்பவன் அவன் எதை விரும்புகிறான் என்பதை அறிந்தே சொல்கிறான். பொன்னும் மணியுமன்று, குழம்புக்குத் தேங்காயும் மாசியும். ஆள் கட்ட வந்தவன் அந்தப் பசியை அளந்து கட்டிய பொய் அது.

தூருக்கு அடியில் இருந்தது கடன். வழிச்செலவும் முன்பணமும் கணக்கிலேறின. பின்னாளில் அந்தக் கடன் “துண்டு” என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்க முன்வரும் தோட்டம் ஒன்று கிடைத்தாலன்றி மற்றோரிடம் போக வழியில்லை. 1921 இலே துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. கதை ஒழியவில்லை. ஏனெனில் மக்கள் அதனைப் பிடுங்கித் தமதாக்கிக்கொண்டார்கள். தின்பண்டம் கேட்டு அழும் பேரனைப் பார்த்து, “தேங்காயா கேக்குற? போய்த் தூரைத் தோண்டுடா” என்று அம்மாயி சொல்லும்போது அப்பொய் ஏளனமாக மாறியிருந்தது. சம்பள உயர்வு பற்றி யார் மேடையில் நின்று வாக்குறுதி அளித்தாலும், கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு கிழவர் தேங்காயையும் மாசியையும் நினைவூட்டுவார். ஏமாற்ற வந்த கதையை ஏமாறாமைக்குக் காவலாக வைத்த கெட்டித்தனத்தை எந்தப் பாடநூல் கற்பித்தது?

இனிப் பேய்களுக்கு வருகிறேன். பீலிக்கரையில் உச்சிவேளையிற் குளிக்கும் மோகினி, சவுக்குமரத்தில் இருக்கும் கொள்ளிவாய்ப் பேய் ஆகியவை எல்லா ஊருக்கும் பொது, அவற்றை விடுகிறேன். எங்கள் மலைக்கே உரியவன் பேய்த்துரை. குதிரைக் குளம்பொலி கேட்கும், ஆள் தெரியாது. விடிவதற்கு வெகுநேரம் முன்னே பிரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிடுவான். அழைத்த பேருக்கு உரியவர் “ஐயா” என்று குரல் கொடுத்தால் அவர் மறுநாள் எழுந்திரார். ஆகவே மூன்று முறை அழைக்கும் வரை பதில் சொல்லலாகாது என்பது கட்டளை. இரவிற் பேர் சொல்லி அழைத்தால் மும்முறை கேட்டே வாய் திறக்க வேண்டும் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உள்ளதுதான். ஆனால் எங்கள் பாட்டிமார் அந்தப் பழைய பேய்க்குத் தொப்பியும் பூட்சும் அணிவித்துக் கையிற் செக்குரோலைக் கொடுத்துவிட்டார்கள். செத்த பின்னும் கணக்கு எடுக்கும் பேய்! காலைப் பிரட்டிற் பேர் அழைக்கையில் இல்லாதவருக்கு அன்றைய பேர் இல்லை, அதாவது கூலி இல்லை என்ற வாழ்விலிருந்து வேறு எவ்வகைப் பேய் பிறக்கும்?

இருட்டில் லயத்தை விட்டு வெளியேறாதே என்று அச்சுறுத்திய கதைகளைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. கடனோடு ஓடிப்போவோர் இரவில்தான் ஓடினார்கள். காட்டுவழியிற் பேய் நிற்பது கங்காணிக்கு ஒரு காவற்காரனை வைத்ததற்குச் சமம். அவ்வாறான பேய்களுக்கு யார் சோறு போட்டு வளர்த்தார் என்று ஆராய்ந்து பார்க்கத் தக்கது.

பயமுறுத்திய கதைகளைப் போலப் பயத்தைத் தணித்த கதைகளும் உண்டு. அவற்றில் நான் பெரிதும் மதிப்பது ரோதமுனியின் கதை. ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தேயிலைத் தொழிற்சாலையிற் சுழலும் ரோதைக்கு ஒரு முனி காவலிருக்கிறான் என்று தொழிலாளர் நம்பினர். அவனுக்குப் பூசையும் செய்தனர். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டனர். சிவனும் முருகனும் மாரியம்மனும் கடல் கடந்து உடன் வந்தவர்கள். இவ்விரு தெய்வங்களோ இந்த மலையிலேயே, வேலையின் நடுவிலே, நம்மவர் பெற்றெடுத்த தெய்வங்கள். வார்ப்பட்டை சுழலும் இயந்திரத்தின் அருகில் நாள் முழுதும் நின்றவர், ஒரு கணம் கவனம் பிசகினாற் கை போகும் என்பதை அறிந்தவர். முழங்கால் உயரத்திற் கவ்வாத்துக் கத்தியை வீசுபவர் தம் காலையே வெட்டிக்கொள்ளக்கூடும் என்பதை அறிந்தவர். முனி கோபிப்பான், ஆகையாற் குடித்துவிட்டு ரோதைக்குப் பக்கம் போகாதே என்ற கதையை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். சமயநூல் கற்ற நம் கல்லூரியார் சிலர் இச்சிறு தெய்வங்களைச் சைவத்துக்கு இழுக்கு என்று கருதியதுண்டு. தொழிலாளி விரலைக் காத்த தெய்வம் எந்தப் பெருந்தெய்வத்துக்கு இழுக்கு?

புகையிரதக் கதையொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 1924 இற் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. தெமோதரையிலே வண்டி நிலையத்தில் நின்று, பின் மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழையும் வேடிக்கையைக் காணாதவர் இரார். சரிவு மிகுந்த மலையில் வண்டியை இறக்க வழி தெரியாமல் எஞ்சினியர் திகைத்திருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றுவதைக் கண்டு இவ்வளைவை அமைத்தார் என்பது கதை. அந்த எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திரா என்றும் சொல்வர். பக்கத்தில் எல்லப் பகுதியிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு: உலகப்போருக்கு இரும்பு போய்விட்டதால் உள்ளூரார் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்தார்கள் என்பது அது. 1923 இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கையோ அதனைக் கொங்கிறீற்றுப் பாலமாகவே வரைபடங்களுடன் விவரிக்கிறது.

உண்மை எதுவாயினும், தலைப்பாகைக் கதையில் ஒரு குறையை நான் காண்கிறேன். எஞ்சினியருக்குப் பேர் இருக்கிறது; கங்காணிக்குத் தலைப்பாகை மட்டுமே இருக்கிறது. இன்று அங்கே வெளிநாட்டார் கூடிப் படம் பிடிக்கிறார்கள். இராவணன் சீதையை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் குகைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. பணம் கொண்டுவரும் கதைக்குப் பலகை கிடைக்கிறது. ரோதமுனிக்குப் பலகை நாட்டியவரை நான் கண்டதில்லை.

தீங்கு செய்த கதைகளையும் மறைக்கலாகாது. சுரம் கண்ட பிள்ளையைப் பேய் பிடித்ததென்று பூசாரியிடம் கொண்டுபோய், மருந்து கொடுக்கும் வேளை தவறிப்போனதை என் கண்ணாற் கண்டிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்த பாட்டிமாரும் உளர். அவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வைத்தியர்களுக்கு அவை பயன்படும். சுரத்துக்கு மருந்துச்சாலை எத்தனை கட்டைத் தூரத்தில் இருந்தது என்பதையும் அப்பக்கத்திலேயே குறித்து வைப்பது நேர்மை.

எழுதுவதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கலாம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இற் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு லயத்திற் கதை சொன்னவள் கப்பலேற, கேட்டவள் இங்கே நின்றாள். ஊவாவின் கதைகளிற் பாதியைக் கேட்க வேண்டுமானால் நீலகிரியிற் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போக வேண்டும். பிறப்புப் பத்திரம் கேட்ட அலுவலகங்களில், “மண் சரிந்த வருசம் பிறந்தவன்” என்று சொன்ன தாய்மாரைப் பார்த்து எழுதுவினைஞர் நகைத்தனர். அத்தாய்க்கு அதைத் தவிர வேறு நாட்காட்டி இருக்கவில்லை.

2014 ஒக்தோபர் 29 ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தும் மக்கள் அங்கேதான் இருந்தார்கள். மண்ணுக்குள் போனவர் எத்தனை பேர் என்ற கணக்கே பல நாள் மாறிமாறி வந்தது. வீட்டிலக்கமும் பதிவும் புதைந்த இடத்தில், யார் எந்தக் காம்பராவில் இருந்தார், தொங்கல் வீடு யாருடையது என்று சொல்ல முடிந்தது உயிர் தப்பியவர்களின் நினைவுக்கே. லயத்தின் கதையென்று நான் சொல்வது அந்த நினைவையும் சேர்த்துத்தான்.

கதையைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று சரித்திர ஆசிரியர் தடுப்பார். நடந்ததற்குச் சான்றன்று, நடந்ததை மக்கள் எவ்வாறு தாங்கினர் என்பதற்கு அதனினும் மேலான சான்றும் இல்லை. நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து உதவினார். கரிசற் காட்டுக் கதைகளைத் திரட்டிய கி. ராஜநாராயணன், பல்கலைக்கழகப் படிப்பில்லாதவர், புதுவைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்தார். நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. இவ்விழா நிதியிற் சிறு பகுதியை ஒதுக்கி, மேல்வகுப்பு மாணவர் விடுமுறையில் ஊர் போகும்போது ஆளுக்கு ஒரு கொப்பி கொடுத்தனுப்பலாம். கைத்தொலைபேசியிற் குரலையும் பதிவு செய்யட்டும். சொன்னவர் பேர், அவர் இசைவு, தோட்டம், டிவிசன், அவருக்குச் சொன்னவர் யார் என்பவை முதற்பக்கத்தில் இருக்க வேண்டும். கதையைத் திருத்த வேண்டாம். பேச்சுமொழியைச் செந்தமிழாக்க வேண்டாம். அந்த வேலையை நாம் கட்டுரைகளிற் செய்துகொள்ளலாம். முதற்கொப்பியைத் தெமோதரையில் தொடங்கச் சொல்வேன். அந்தக் கங்காணியின் பேரை அறிந்த குடும்பம் இன்னும் அம்மலையில் எங்கேனும் இருக்கிறதா என்று கேட்டுவரட்டும்.