கனமில்லாத புத்தகங்கள்

இந்தக் குளிர்காலம் முழுக்க நான் வாசித்தவற்றில் அரைவாசிக்கு மேல் துப்பறியும் கதைகள். அதிலும் சிரிக்க வைக்கிற துப்பறியும் கதைகள். மிச்சம், பல்கலைக்கழகத்துக்காக எழுதப்படாமல் எங்களைப் போன்ற சனங்களுக்காக எழுதப்பட்ட வரலாற்று நூல்கள். இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். "உந்தக் கனமில்லாத சாமானை எல்லாம் ஏன் அண்ணை வாசிக்கிறியள்?" என்று ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார். அவர் ஃபூக்கோவிலிருந்து ஒரு படி கீழே இறங்க மாட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வில்லரேயில், கிறிஸ்தோப் கொலோம் வீதியில் லு ப்ரேவோ என்றொரு நகர நூலகம் இருக்கிறது. மொன்றியலில் வசிக்கிறீர்கள் என்பதற்கு ஒரு கடதாசி காட்டினால் அட்டை இலவசம். மூன்று கிழமை புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கலாம். எனக்குப் பிரெஞ்சு பாதி வகுப்பிலே வந்தது, மீதிப் பாதி அங்கிருந்து தூக்கிவந்த துப்பறியும் கதைகளாலே வந்தது. காரணம் எளிது. கொலைகாரன் ஆரென்று தெரியவேண்டும் என்றால் விளங்காத சொல்லைத் தாண்டியாவது அடுத்த பக்கத்துக்குப் போகத்தான் வேண்டும். சிமெனோன் வேண்டுமென்றே சிறிய சொற்தொகைக்குள் எழுதினவர். அகதிக்கு அவரைவிட நல்ல பிரெஞ்சு வாத்தியார் கிடைக்கமாட்டார். அதற்கு நேரெதிர் சான் அந்தோனியோ என்ற பெயரில் எழுதித் தள்ளிய ஃப்ரெதெரிக் தார். சொற்களைத் தானே உண்டாக்கி விளையாடுவார். பிரெஞ்சுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிற இடத்தில் நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தமுறை முதலில் எடுத்தது அலெக்சாண்டர் மக்கோல் ஸ்மித்தின் மா ரமோட்ஸ்வே கதைகளில் முதலாவது. 1998இல் வந்தது. போட்ஸ்வானாவில் ஒரு பெண், தகப்பன் விட்டுப்போன மாடுகளை விற்று ஒரு துப்பறியும் நிலையம் திறக்கிறார். கொலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காணாமற்போன புருசன், பொய் சொல்லுகிற மகள், இடையிடையே செந்தேநீர். எடின்பரோவில் சட்டம் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆபிரிக்கப் பெண்ணின் மனசுக்குள் இருந்து எழுதலாமா என்று ஒரு கேள்வி வரும். வரத்தான் வேண்டும். ஆனால் ஆபிரிக்கா என்றாலே பஞ்சமும் துவக்கும் என்று எழுதுகிறவர்களுக்கு நடுவில், தன் ஊரில் நிம்மதியாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கிற ஒரு பெண்ணைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்களைப் பற்றியும் யாராவது இப்படி ஒரு கதை எழுதமாட்டார்களா என்று இருந்தது.

அடுத்தது லூயிஸ் பென்னியின் 'உங்கள் இறந்தவர்களைப் புதையுங்கள்' (2010). இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பென்னி ஆங்கிலத்தில் எழுதுகிறவர், அவருடைய பொலிஸ் அதிகாரி கமாஷ் பிரெஞ்சுக்காரர். கதை நடப்பது கெபெக் நகரில் உள்ள ஓர் ஆங்கில நூலகத்தில். நூலகம் கற்பனை அல்ல. 1824இல் தொடங்கிய இலக்கிய வரலாற்றுச் சங்கத்தின் நூலகம். அந்தக் கட்டடம் முன்னொரு காலத்தில் சிறைச்சாலை. அதன் நிலவறையில் ஒரு பிணம் கிடக்கிறது. செத்தவர் ஷாம்ப்ளெயினின் கல்லறையைத் தேடி வாழ்நாள் முழுக்க ஊரெல்லாம் தோண்டித் திரிந்த ஒரு விசரர். கெபெக் நகரத்தை 1608இல் நிறுவிய ஷாம்ப்ளெயின் 1635 நத்தார் தினத்தன்று இறந்தார். அவரைப் புதைத்த இடம் இன்றுவரை அகப்படவில்லை. இதுவும் கற்பனை அல்ல.

நூலகத்தை நடத்துகிற கிழவர் கிழவிகள் பிரெஞ்சுக் கடலுக்குள் அகப்பட்ட ஒரு கைப்பிடி ஆங்கிலேயர். சத்தம் போட்டால் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று பயந்து பயந்து கூட்டம் கூடுகிறார்கள், ஒன்றுக்கும் உதவாத தீர்மானங்கள் நிறைவேற்றுகிறார்கள். அந்த நூலகர் அம்மா பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினால் சொற்கள் எல்லாம் இடம்மாறி விழும். அவருக்கோ தான் சரியாகக் கதைப்பதாக ஒரு நம்பிக்கை! மெத்ரோவில் நான் தனியாகச் சிரித்தேன். புதிதாக வந்த காலத்தில் அரச அலுவலகங்களின் வரிசையில் நின்று நாங்கள் கதைத்த பிரெஞ்சு வேறென்னவாம்? அதோடு உலகத்திலே பெரும்பான்மையாகவும் இந்த மாகாணத்திலே சிறுபான்மையாகவும் இருக்கிற ஒரு கூட்டத்தின் பயத்தை நக்கலோடும் இரக்கத்தோடும் எழுத ஒரு கை வேண்டும். பென்னிக்கு அது இருக்கிறது. சங்க ஆண்டறிக்கைகளில் தொலைந்துபோன எங்கள் நிர்வாகசபை அங்கத்தவர்கள் எல்லாரையும் அதில் கண்டேன்.

ஷாம்ப்ளெயினைத் தேடி வரலாற்றுத் தட்டுக்குப் போனபோது கையில் அகப்பட்டது கஸ்தோன் தெஷேன் எழுதிய நூல், 1999இல் வந்தது. மொன்றியல் கனடாவின் தலைநகராக இருந்த சொற்ப காலத்தையும், 1849இல் அது முடிந்த விதத்தையும் பற்றியது. 1837, 38 கிளர்ச்சிகளின்போது சொத்திழந்த கீழ்க்கனடாச் சனங்களுக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்தில் எல்ஜின் பிரபு 1849 ஏப்ரல் 25 அன்று கையொப்பம் வைத்தார். 'கிளர்ச்சிக்காரருக்குப் பணமா?' என்று ஆங்கிலத் தோரிகள் கொதித்தார்கள். பிரபுவின் வண்டிக்கு அழுகின முட்டை எறிந்தார்கள். பின்னேரம் ஷோன் து மார்ஸில் கூட்டம். அங்கிருந்து தீப்பந்தங்களோடு பாராளுமன்றத்துக்குப் போய்க் கொளுத்தினார்கள். அதனோடு நூலகமும் எரிந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள். மிஞ்சியது ஏறக்குறைய இருநூறும், விக்டோரியா மகாராணியின் படமும். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அல்பிரட் பெரி. அவர் செய்த தொண்டு என்ன தெரியுமா? தீயணைப்புப் படையொன்றின் தலைவர்! பல வருடங்களுக்குப் பிறகு, 1887இல், தான் செய்ததைப் பத்திரிகையில் அவரே எழுதினார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். நெருப்பை அணைக்க வேண்டியவரே கொளுத்திய கதை எங்களுக்கும் தெரியும். 1981 மே மாதக் கடைசியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் சீருடையோடு வந்தவர்கள் கொளுத்தியபோது பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. 1849உம் 1981உம் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அரசாங்கம் நெருப்புக்கு உள்ளே இருந்தது, எங்களிடம் அது நெருப்பின் பக்கத்தில் நின்றது. மொன்றியல் அதன்பிறகு தலைநகர் என்ற பெயரை இழந்தது. யாழ்ப்பாணம் எரிந்ததால் கொழும்பு எதையும் இழக்கவில்லை.

எங்கள் எரிப்பைப் பற்றி வந்த நூல்களில் முதலில் நினைவுக்கு வருவது 'மீண்டும் யாழ்ப்பாணம் எரிகிறது'. எழுதியவர் நீலவண்ணன். 1977 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை '24 மணி நேரம்' என்று எழுதியவரும் அவரே. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் செங்கை ஆழியான். ஆம், 'ஆச்சி பயணம் போகிறாள்' எழுதி எங்கள் அம்மாமாரைச் சிரிக்க வைத்த அதே செங்கை ஆழியான்தான். அரச சேவையில் இருந்த மனுசன். 2016இல் இறந்தார். நகைச்சுவை நாவல் எழுதின கையாலேயே, சாதாரண சனம் வாசிக்கக்கூடிய தமிழில், என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று எழுதி வைத்தார். சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்குத்தான் வாசகரைக் கடைசிப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போகவும் தெரிந்திருந்தது. கனமானவர்கள் அப்போது எதை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று தம்பி தேடிப் பார்க்கட்டும். 2005இல் தொண்டர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன.

ஒவ்வொரு யூன் மாதமும் இங்கேயும் நினைவுகூட்டங்கள் நடக்கின்றன. மேடையில் ஓலைச்சுவடிகளையும் அரிய கையெழுத்துப் பிரதிகளையும் பற்றிப் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும், அவை திரும்பி வராதவை. ஆனால் அது ஒரு அருங்காட்சியகம் இல்லையே, சனங்கள் வந்து போன பொது நூலகம் அல்லவா? 1933இல் க. மு. செல்லப்பா என்றொருவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் அதன் ஆரம்பம். 1934இல் வாடகை அறையில் 844 புத்தகங்களோடும் முப்பது வரையான பத்திரிகைகளோடும் திறந்தார்கள். பேப்பர் பார்க்க வந்தவர்கள், சோதனைக்குப் படிக்க வந்த பெடியள், தொடர்கதை தேடி வந்த பெட்டைகள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் நூலகம். தேவனின் துப்பறியும் சாம்பு போன்ற ஒரு அசட்டு வங்கிக் குமாஸ்தாவும் அந்தத் தட்டுகளில் எங்கேயோ இருந்து எரிந்திருப்பார். அவருக்காகவும் எனக்குத் துக்கம்தான்.

இன்னொன்று, கொஞ்சம் உறைக்கும். வருடத்துக்கு ஒருமுறை நூலகத்துக்காக மெழுகுதிரி கொளுத்துகிற வீடுகள் பலவற்றில் நூலக அட்டை இல்லை. 'இங்கத்தைய நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கு?' என்று கேட்கிறார்கள். ஆரும் கேட்டு எடுக்காத புத்தகத்தை எந்த நூலகமும் கனகாலம் தட்டில் வைத்திருக்காது, புதிதாக வாங்கவும் மாட்டாது. இன்ன நூலை வாங்குங்கள் என்று கேட்க ஒரு படிவம் இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கேட்கும்போது திருக்குறள் உரையை மட்டும் கேட்காதீர்கள். பதினாலு வயதுப் பிள்ளை அதை இரவல் எடுக்காது. சுஜாதாவின் கணேஷ் வசந்த் கதைகளைக் கேளுங்கள், செங்கை ஆழியானைக் கேளுங்கள்.

இப்போது மேசையில் இருப்பது ஜாக் லக்கூர்சியேரின் 'கெபெக்கின் மக்கள் வரலாறு' முதலாம் பாகம். மொத்தம் ஐந்து பாகங்கள், 1995க்கும் 2008க்கும் இடையில் வந்தவை. 2021இல் இறந்த இந்த மனுசன் 1962இல் நண்பர்களோடு சேர்ந்து வரலாற்றைச் செய்திப் பத்திரிகை வடிவிலேயே வெளியிட்டவர். முந்நூறு வருடத்துக்கு முந்திய சங்கதியை நேற்று நடந்ததுபோலத் தலைப்புப் போட்டு எழுதுவது! யாழ்ப்பாண இராச்சியத்துக்கு அப்படி ஒரு பத்திரிகை போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலாம் பாகத்தில் நூறு பக்கம் தாண்டிவிட்டேன், இன்னும் பதினொரு நாள் தவணை இருக்கிறது.