புனேயின் கருப்புக் கட்டிடமும் நம்ம கண்ணாடி மோகமும்

ஊரிலிருந்து சொந்தக்காரங்க புனே வந்தா நம்மாளுங்க கையில் இருக்கும் லிஸ்ட் ஒண்ணுதான். சனிவார்வாடா, தக்டூசேட் கணபதி, ஆகாகான் பேலஸ், சிங்ககட் கோட்டையில் பிட்லா-பாக்ரி. மிச்ச நேரத்துக்கு மால். பல்கலைக்கழகத்துக்குள்ள போனாலும் அந்தக்கால வெள்ளைக்கார கவர்னர் மாளிகை முன்னாடி போட்டோ எடுத்துட்டு வண்டியைத் திருப்பிடறோம். அதே வளாகத்தில் இருக்கிற ஐயூகாவைப் பத்திக் கேட்டா, "அது ஏதோ கவர்மென்ட் ஆபீஸுங்க" என்று பதில் வருது.

இங்கதான் எனக்குக் கடுப்பு.

அது ஆபீஸ் மட்டும் இல்லைங்க. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக, வானியல் ஆராய்ச்சிக்காக யூ.ஜி.சி. 1988-ல் ஆரம்பித்த மையம். முதல் இயக்குநர் ஜெயந்த் நார்லிகர். அங்குள்ள அரங்கத்துக்கு நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர். கட்டிடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா.

யார் இந்தக் கொரியா? 1930-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படிச்சவர். அங்கேயே செட்டில் ஆகாம, திரும்பி வந்து 1958-ல் பம்பாயில் சொந்தமாகத் தொழில் ஆரம்பிச்சார். 1963-ல் முடிந்த சபர்மதி ஆசிரமத்து காந்தி அருங்காட்சியகம் அவர் பேரைச் சொன்ன முதல் பெரிய வேலை. ஓட்டுக் கூரை, செங்கல் தூண், நடுவில் தண்ணீர். ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, திறந்து மூடுற மரச் சட்டங்கள்தான். போபால் பாரத் பவன் (1982) ஏரிக்கரைச் சரிவோடு இறங்கும். அதன் மொட்டை மாடியிலேயே ஜனங்க நடக்கலாம். நவி மும்பை நகரத் திட்டத்திலும் அவருக்குப் பெரிய பங்கு. 2015-ல் மறைந்தார். அவருடைய வரைபடங்கள் எங்கே தெரியுமா? லண்டனில், பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்கள் சங்கத்தின் காப்பகத்தில். அவங்களுக்கு அருமை தெரிஞ்சிருக்கு!

ஐயூகாவில் அவர் போட்டது உள்ளூர்க் கருங்கல், அதுக்கு மேல கடப்பா கல் (ஆமாங்க, நம்ம வீட்டு அடுக்களை மேடையில் கிடக்கிற அதே கல்தான்), அதுக்கும் மேல வானம் தெரியுற மாதிரி பளபளக்கும் கருப்பு கிரானைட். நடுவில் திறந்தவெளிக் குண்டம், ஆர்யபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் சிலைகள். யோசிச்சுப் பார்த்தா அது நம்ம தாத்தா வீட்டு முற்றம். மழையும் வெயிலும் வீட்டுக்குள்ளயே வந்து போகும் அந்த முற்றத்தை இடிச்சுட்டு போர்ட்டிகோ வெச்சவங்கதானே நாம?

இப்போ நான் பொட்டி தட்டுற கட்டிடத்தைப் பாருங்க. நாலு பக்கமும் கண்ணாடி. வெளிச்சம் வரணும்னு கண்ணாடி. வந்த வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு திரை. திரை போட்டதால பகல் பன்னெண்டு மணிக்கு லைட். வெக்கைக்கு நாள் பூரா ஏசி. இதுக்குப் பேர் வளர்ச்சியாம். குளிர் நாட்டுக்காரன் வெயிலுக்கு ஏங்கிக் கட்டினதை, தக்காண வெயிலில் காப்பி அடிச்சுட்டு பெருமை வேற!

"கான்கிரீட் கட்டிடம் ஒழுகும், பாசி பிடிக்கும், பராமரிக்க முடியாது" என்பாங்க. ஒழுகும்தான், மறுக்கலை. கோயில் கோபுரத்துலயும் செடி முளைக்குது. அதனால பன்னெண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செஞ்சு கும்பாபிஷேகம் பண்றோமே தவிர, கோபுரத்தை இடிக்கலையே? ராஜா கட்டினா பாரம்பரியம், சுதந்திர இந்தியா கட்டினா வெறும் சிமெண்டா?

இந்த அலட்சியத்தின் பலன் ஏற்கெனவே கண்முன்னாடி இருக்கு. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972-ல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017 ஏப்ரலில் இடிச்சுத் தள்ளினாங்க. அறுபது வயசு ஆகலையாம், அதனால பாரம்பரியக் கணக்கில் வராதாம்! கொரியாவே கட்டின கோவா கலா அகாதமியில், புதுப்பிக்கும் வேலை நடந்துகிட்டிருந்தப்பவே 2023 ஜூலையில் திறந்தவெளி அரங்கின் கூரை சரிஞ்சு விழுந்தது.

"நாம பிழைக்க வந்தவங்க, நமக்கெதுக்கு வம்பு" என்பதுதான் நம்மாளுங்க கடைசி அஸ்திரம். ஏங்க, பொதுக்கட்டிடம் என்றாலே வந்தவன், இருந்தவன் பார்க்காததுதானே? செகந்திராபாத்தில் பிறந்தவர் அகமதாபாத்திலும் போபாலிலும் புனேயிலும் கட்டியிருக்கார். நாம வரி கட்டறோம், ஃப்ளாட் வாங்கறோம், பிள்ளைங்களை இங்கேயே படிக்க வைக்கறோம். ஊரின் நல்ல கட்டிடம் மட்டும் அடுத்தவன் சொத்தா?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று ஐயூகா பொதுமக்களுக்குத் திறந்திருப்பது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைச் சொற்பொழிவும் நடத்துவாங்க. எப்போன்னு விசாரிச்சுட்டு, குடும்பத்தோட போங்க. குழந்தைகளை அந்தக் கருப்புச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. மாலுக்கு அடுத்த வாரம் போய்க்கலாம்.

டிஸ்கி: "கருப்பா இருக்கே, நல்லாவே இல்லை" என்று சொல்ல வருபவர்கள், அவங்கவங்க வீட்டு அம்மி, ஆட்டுக்கல், குலசாமி எல்லாம் என்ன கலர் என்று யோசிச்சுட்டு வரவும் :-)