வேலிக்குள் ஓடட்டும்!

நாய்க்குப் பூங்காவா என்று கேட்டு நகைப்போர் உளர். மனிதன் களைப்பாறியிருக்க ஒரு மரநிழலைத் தேடியலையும் பேலியகொடையிலே, வாலாட்டும் பிராணிக்கு வேலியடைத்து நிலம் ஒதுக்கச் சொல்வது வசதி படைத்தோரின் விளையாட்டு அன்றோ என்பது அவர்களது வாதம். அந்த நகைப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதிலே நியாயமும் இருக்கிறது. ஆயினும், நகைத்தவர்களே வீடு திரும்பும் வழியில் நாயைக் கண்டு வீதியின் மறுபுறம் ஒதுங்கி நடப்பதையும் நாம் காண்கிறோம். ஒதுங்குவதற்கு வயதும் விவரமும் இல்லாத குழந்தைகள் என்ன செய்வது?

பேலியகொடை எத்தகைய ஊர் என்பதை முதலில் நோக்குவோம். களனி கங்கையின் வடகரையில் கிடக்கும் இப்பட்டினம், கொழும்பு மாநகர் தன்னிடம் வைத்திருக்க விரும்பாதவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பட்டினமாகும். புறக்கோட்டையிலிருந்த மீன்சந்தை இங்கே வந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மெனிங் சந்தைக்கும் இங்கே புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கட்டுநாயக்காவுக்குச் செல்லும் அதிவேகப் பாதையும் இங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் வெங்காயமும் மலையகத்து மரக்கறியும் நள்ளிரவில் லொறிகளில் வந்திறங்குமிடம் இது. வடக்கின் தோட்டத்தில் இறைப்புக்கு நிற்பவனுக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு, கொழும்பிலே வெள்ளைக்கொலருடன் உலவுவோருக்கு உள்ளதைவிட நெருக்கமானது. மீன் குடலும் அழுகிய மரக்கறியும் சேருமிடத்தில் காகம் சேரும். காகம் சேருமிடத்தில் நாயும் சேரும். இது எவருடைய குற்றமுமன்று. ஆனால், சேர்ந்த நாய்களைப் பற்றி எவருமே சிந்திக்காதிருப்பது குற்றந்தான்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி எழுந்திருக்கும் தொடர்மாடிகளில், வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ வாழ்கின்றன. ஊரிலே நாய்க்கு நாற்சார் முற்றமும் பனங்காணியும் இருந்தன. இங்கோ எட்டாம் மாடியின் பல்கனிதான் அதற்கு உலகம். அதிகாலையில் அதனைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு புகைவண்டிப் பாதையைக் கடந்து, தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணலில் ஓடவிடுகிறார்கள். வண்டி வரும் நேரம் நாய்க்குத் தெரியாது. பல வேளைகளில் உடையவனுக்கும் தெரியாது! நாள் முழுதும் அடைபட்ட நாய் குரைக்கும், கடிக்கும், அயலாரோடு வழக்கை உண்டாக்கும். கொட்டாஞ்சேனையின் நெரிசலான ஒழுங்கைகளிலும் இதே கதைதான்.

ஆகவே நம்முன் நிற்பவை இரண்டு நாய்கள். ஒன்று சந்தை வாசலில் திரியும் கட்டாக்காலி. மற்றது மாடியிலே அடைபட்டுக் கிடக்கும் வளர்ப்பு நாய். முன்னதற்கு அளவற்ற சுதந்திரம். பின்னதற்கு அறவே இல்லை. இரண்டினாலும் இன்னற்படுவது மனிதனே.

சட்டம் இல்லாமலா இந்த நிலை? வெள்ளையர் ஆட்சியிலே, 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. நாய்களைப் பதிவு செய்ய வேண்டுமென்ற சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. சட்டப் புத்தகம் தடித்ததே தவிர நோய் மெலியவில்லை. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியினால் மாண்டனர். பின்னர் தடுப்பூசி பரவியதால் அத்தொகை பல மடங்கு வீழ்ந்தது. 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதல் கூடாதென்பது அரசின் கொள்கையாயிற்று. அதன்பின் கொழும்பு மாநகர எல்லைக்குள் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் முறையாக நடந்தபோது, நகரத்து நாய்களிடையே விசர்நோய் பெரிதும் அருகிப் போனதை மிருக வைத்தியர்கள் கண்டார்கள். கொல்லாமலே நோயை வெல்லலாம் என்பதற்கு வெளிநாடு சென்று சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் மாநகர எல்லை களனிப் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. பாலத்துக்கு அப்பால் வேறு மாவட்டம், வேறு மன்றம், வேறு வரவுசெலவு. கொழும்பு மாவட்டம் எங்கே முடிகிறது, கம்பஹா எங்கே தொடங்குகிறது என்பதை நாய் அறியுமா?

வளர்ப்பு நாய்க்கு வருவோம். இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே. பூங்காவிலே நாயைக் கட்டவிழ்த்து விடுவதால் நேரும் விபரீதத்துக்குச் சென்னை மாநகர் ஒரு சாட்சி. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், அப்பூங்காவின் காவலாளியுடைய ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தலையிற் படுகாயமுற்ற அக்குழந்தைக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. நாய்களின் உடையவர் கைது செய்யப்பட்டார். மாநகராட்சி விழித்தெழுந்து, பூங்காவுக்கு நாயைக் கொண்டுவருவோர் கயிறும் வாய்மூடியும் இட்டே கொண்டுவர வேண்டுமென்றது.

இதிலே நம் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. கடிபட்டது காவலாளியின் பிள்ளை. அப்பூங்காதான் அக்குழந்தைக்கு வீடும் முற்றமும். சீமான் வீட்டு நாய் காலாற நடப்பதற்கு ஏழை வீட்டுப் பிள்ளையின் முற்றம் மைதானமாயிற்று. நாய்ப்பூங்கா வேண்டுமென நாம் வாதாடும்போது இக்குழந்தையை மறந்து வாதாட மாட்டோம். அந்தக் குழந்தைக்காகத்தான் வேலி வேண்டுமென்கிறோம். எங்கும் அவிழ்த்துவிடலாம் என்பதும் கேடு. எங்குமே அவிழ்க்கக் கூடாது என்பதும் கேடு. இரண்டாவது கட்டளையை எவரும் நெடுநாள் கைக்கொள்ள மாட்டார்கள். காவலாளி அப்பாற் சென்றதும் கயிறு கழன்றுவிடும்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979ஆம் ஆண்டில் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய பூங்காக்களுள் அதுவே முதலாவதெனச் சொல்வர். இன்று சிங்கப்பூரின் பீஷான் பூங்காவிலும், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ மாநகரின் பூங்காக்கள் பலவற்றிலும் வேலியடைத்த நாய்த்திடல்கள் உள்ளன. பாரதத்தில் ஹைதராபாத் மாநகராட்சி 2018ஆம் ஆண்டில் கொண்டாப்பூரில் ஒன்றை அமைத்தது. சிறிய தீவாகிய சிங்கப்பூருக்கே இதற்கு நிலம் கிடைத்ததென்றால், நிலமில்லை என்று இங்கே கைவிரிப்பது பொருந்தாது.

பேலியகொடையில் நிலம் எங்கே? ஆற்றங்கரையில் உண்டு. களனி கங்கை பெருகும்போது முதலில் மூழ்கும் தாழ்நிலங்கள் அவை. 2016ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயலின்போதும் களனிக் கரையோர மக்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டுவது பாவம். களஞ்சியம் கட்டுவது மடமை. ஆனால் வேலியும் சில மரங்களும் மட்டும் நிற்கும் திடலை வெள்ளம் என்ன செய்துவிடும்? வடிந்தபின் மீண்டும் திறந்துகொள்ளலாம். ஒன்று மட்டும்: வடிந்த மறுநாளே திறந்துவிடக் கூடாது. வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சற் கிருமி தங்கும். அது நாயையும் பற்றும், நாயைப் பிடித்துச் செல்பவனையும் பற்றும். மண் நன்றாக உலரும்வரை கதவு பூட்டியே இருக்க வேண்டும்.

திடல் எப்படி அமைய வேண்டுமென்பதில் நமக்குத் திட்டமான கருத்து உண்டு. ஓர் ஏக்கர் அளவாவது வேண்டும்; இடம் குறுகினால் நாய்கள் முட்டிமோதிச் சண்டையிடும். ஆளுயரக் கம்பிவேலி வேண்டும். வாயிலிலே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வேண்டும். முதற்கதவை அடைத்த பின்னரே இரண்டாவதைத் திறப்பது என்னும் ஏற்பாட்டால், எந்த நாயும் இடுக்கில் நழுவிப் பெருவீதிக்கு ஓட முடியாது. லொறிகள் இடையறாது பறக்கும் பேலியகொடையில் இது அற்ப விஷயமன்று. சிறிய நாய்களுக்கு வேறாக ஒரு பகுதி வேண்டும். தரையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் திடல் நிலைப்பதும் நிலையாததும் தரையிலேதான் இருக்கிறது. கொழும்பின் மழையில் புல் மட்டும் விதைத்த திடல், நாய்களின் கால்பட்டு இரண்டு மாதத்தில் சேற்றுவயலாகும். ஆற்றுப்பக்கம் சரிவு கொடுத்து, வாயிலருகிலும் தண்ணீர்க் குழாயடியிலும் மணலும் சரளையும் பரப்பி, நடுவிலே புல்லை வளர்க்க வேண்டும். நிழலுக்கு மருதமரம் நடலாம். ஆற்றோரம் அதற்குத் தாய்வீடு. மலத்தை அள்ளிப் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். உடையவன் அள்ளாவிட்டால் தண்டம் வேண்டும். தண்டத்தை அறவிட ஒரு காவலாளியும் வேண்டும்.

உள்ளே நுழைய உரிமை யாருக்கு? பதிவுச் சீட்டும் அவ்வாண்டின் தடுப்பூசிச் சான்றும் காட்டும் எவருக்கும். வெள்ளவத்தை வைத்தியருக்கும் சந்தைக் கூலியாளுக்கும் ஒரே கதவு. இந்த நிபந்தனையில்தான் இத்திட்டத்தின் பெரும்பயன் இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் மிரட்டியும் பதிவு செய்யாதவன், தன் நாய் ஓடி விளையாட ஓரிடம் கிடைக்குமென்றால் தானே வந்து பதிவு செய்வான். பதிவுக் கட்டணத்தைத் திடலின் பராமரிப்புக்கும் கட்டாக்காலிகளின் கருத்தடைக்கும் ஒதுக்கலாம். சந்தைக் கழிவைச் சூரியன் உதிக்குமுன் அகற்றுவதும், தெருநாய்க்கு உணவிடுவோர்க்கு ஓரிடம் குறித்துக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தே நடக்க வேண்டும். பாரதத்தின் உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், டில்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்குமாறு முதலில் கட்டளையிட்டது. இரண்டு வாரங்களுக்குள்ளாகவே அதைத் திருத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறும், உணவிட இடங்களைக் குறிக்குமாறும் பணித்தது. விசர்கண்டவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் மட்டுமே விலக்கு.

கமக்காரன் கேட்கலாம்: இதனால் எனக்கென்ன? ஆட்டுப்பட்டியில் இரவிலே கட்டாக்காலிகள் புகுந்து குட்டிகளைக் கிழித்துப் போட்ட காலைப்பொழுதை அவன் அறிவான். விசர்நாய் கடித்த பசு மாண்டால் அந்த நட்டத்தை எவரும் தருவதில்லை என்பதையும் அறிவான். பட்டினத்திலே நாய்ப்பதிவும் தடுப்பூசியும் வேரூன்றினால், கிராமத்துப் பிரதேச சபையிடமும் அதையே கேட்க அவனுக்கு வாய்ப்பு உண்டாகும்.

காலிமுகத்திடலின் நடைபாதையை 1859ஆம் ஆண்டில் நிறைவு செய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் மாதர்க்கும் குழந்தைகட்கும் ஆகவென்று அதைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைத்துக் கல்லிலே பொறித்து வைத்தார். அந்த முன்னுரிமை பேலியகொடையிலும் பேணப்பட வேண்டும். குழந்தைகளின் ஊஞ்சலும் நாய்த்திடலும் அடுத்தடுத்து இருத்தல் ஆகாது. விதிகளை எழுதும் பலகை மும்மொழியிலும் இருக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. கடிக்கும் நாயைப் பற்றிய எச்சரிக்கையைக் கூடத் தாய்மொழியில் வாசிக்க முடியாத நிலைக்கு நம் குழந்தைகளை விடலாகாது.

2023ஆம் ஆண்டு மார்ச்சில் காலாவதியான உள்ளூராட்சி மன்றங்கள், 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலின் பின் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. பேலியகொடை நகரசபையும் கொழும்பு மாநகரசபையும் ஒரு மேசையில் அமர்ந்து பேச இனித் தடையில்லை. ஆற்றங்கரையில் ஓர் ஏக்கரைத் தேடி அளக்க, நாடாவுடன் ஓர் உத்தியோகத்தருக்கு ஒரு காலைப்பொழுது போதும். அடுத்த மழைக்கு முன்னர் அந்தக் காலைப்பொழுது வரட்டும்.