கேஸ் தீர்வதில்லை

தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடுகளில் ஏசிக்குள் பனி படர்ந்து, காற்று அடைபட்டு, சுவரில் நீர் வழியத் தொடங்கினால் ஒரே தீர்ப்புதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு." பணம் கைமாறுகிறது. சில மாதங்களில் மறுபடியும் பனி, மறுபடியும் அதே தீர்ப்பு. இந்த வாக்கியத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

பிழை சொல்லிலேயே இருக்கிறது. அடுப்படி சிலிண்டரின் வாயு எரிந்து தீர்கிறது. ஏசிக்குள் இருப்பதோ எரிவதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். அடுப்படிச் சொல்லை அப்படியே கொண்டுவந்து ஒட்டியதில், கசிவு என்கிற கேள்வியே காணாமல் போயிற்று.

கேஸ் குறைந்தால் அழுத்தம் குறைந்து, உள் காயில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போய்ப் பனி கட்டும் என்பது மெய்தான். ஆனால் அழுக்கேறிய பில்டரும், தூசி படிந்த காயிலும், வேகமிழந்த பிளோயரும் அதே பனியைத்தான் தரும். போதாக்குறைக்கு நம் ஊரின் பருவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலோடு நுழைகிறது. வெளியே அவ்வளவு குளிர்ந்திருக்கையில் 16 டிகிரியில் ஓடவிட்டால், குறையற்ற எந்திரத்திலும் பனி படரக்கூடும். (ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்தில், சீசன் இரவில் சன்னலைச் சாத்திக்கொண்டு 16 டிகிரி எதற்கு என்பது தனியே எழுத வேண்டியது.)

தொழிலாளியின் வயிற்றில் அடிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் சொல்வது நேர்மாறானது. கசிவைத் தேடிக் கண்டுபிடித்து, பற்றவைத்து, குழாயை வெற்றிடமாக்கி, எடை பார்த்து நிரப்புவது அரைநாள் வேலை. அதற்குக் கூலி தர மனமில்லாத வீட்டுக்காரர்தான் 'சும்மா கேஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க' என்கிறார். கசிந்தது போகுமிடம் வானம். ஆர்-32 வாயு, நூறாண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. பழைய ஏசிகளின் ஆர்-22 வாயுவுக்கு அது 1,810 மடங்கு. 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் வாயுக்களுள் பின்னது ஒன்று; ஓசோன் படலத்தையும் அரிப்பது.

ஆகவே முதலில் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனி உருகக் காத்திருங்கள். பில்டரைக் கழுவி உலர்த்தி மாட்டி, 24-இல் வையுங்கள். பிறகும் உறைந்தால் மெக்கானிக்கை அழைத்து, எங்கே கசிகிறது என்று கேளுங்கள். காத்திருக்கப் பொறுமையின்றித் திருப்புளியால் பனியைக் குத்திப் பெயர்ப்பவர்களும் உண்டு. மெல்லிய குழாயில் ஓட்டை விழுந்து, கேஸ் அப்போதுதான் உண்மையிலேயே வெளியேறும்.