தண்டுவட நீர் பள்ளிச் சான்றிதழ் கேட்பதில்லை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

என் தாயார் கையெழுத்துப் போடத் தெரியாதவர். என் கல்லூரி விண்ணப்பத்தில் கைநாட்டுத்தான் வைத்தார். ஆனால் எங்கள் தெருவில் இருபது பேர் போடும் சீட்டில், யார் எந்த மாதம் எடுத்தார், யார் எவ்வளவு பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். அவரிடம் தாளும் பென்சிலும் தந்து, சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்லி, எதிரே கடிகாரத்தோடு ஒருவர் அமர்ந்தால்? நிச்சயம் தோற்றுப் போவார்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் நினைவாற்றல் குன்றியுள்ளதா என அறிய இத்தகைய தேர்வுகளையே பெரிதும் நம்புகிறார்கள். அக்கிருமி உடலில் புகுந்த சில வாரங்களிலேயே மூளையையும் எட்டிவிடுகிறது. நரம்பணுக்களுக்குள் அது குடியேறுவதில்லை. மூளையின் காவல் அணுக்களில் தங்கி, அவை கக்கும் நச்சுப் பொருள்களால் நரம்பணுக்களை வாட்டுகிறது. 1996க்குப் பின் வந்த கூட்டு மருந்துகளால் கடுமையான அறிவுமழுக்கம் அரிதாகிவிட்டது. மறதியும் மந்தமும் சிலரிடம் இன்னும் உண்டு. 2007இல் வகுத்த மூன்று படிநிலைகளில் முதற்படிக்கு, அன்றாட வாழ்வில் குறை ஏதும் இராது; தேர்வு மதிப்பெண் குறைந்தாலே போதும்! வயதையும் படிப்பையும் கணக்கில் எடுத்தே மதிப்பிட வேண்டும் என்பது விதிதான். பள்ளி வாசலையே மிதியாதவருக்கு எந்த அளவுகோல்? மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் குறைபாடு என முத்திரை குத்தலாகாது என்று 2023இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

இங்கேதான் தண்டுவட நீர் சாட்சி சொல்ல வருகிறது. நம் ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர். நாளொன்றுக்கு அரை லிட்டர் புதிதாய்ச் சுரக்கிறது. நரம்பிழை சிதைந்தால் அதன் சட்டகப் புரதமான நியூரோஃபிலமென்ட் இந்நீரில் கசியும். சிகிச்சை பலித்தால் குறையும். நியோப்டெரின் மூளையில் அழற்சி கனன்று கொண்டிருப்பதைக் காட்டும். சிலருக்கு இரத்தத்தில் கிருமி அடங்கியிருக்க, தண்டுவட நீரில் மட்டும் பெருகியிருக்கும். அவர்களுக்கு மருந்தை மாற்றினால் பலன் கிட்டலாம். எந்தத் தாள் தேர்வும் இதைச் சொல்லாது.

"முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது" என்பார்கள் எங்கள் ஊரில். தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. தலைவலி சில நாள் வரலாம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஒரு குறியீடும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. முதுமையிலும் வேறு நரம்பு நோய்களிலும் நியூரோஃபிலமென்ட் உயரும். ஆகவே தேர்வை ஒழிக்கச் சொல்லவில்லை. எழுத்தறியாதவருக்கு ஏற்ற தேர்வும், இரத்தத்திலேயே இப்போது அளக்க முடிகிற நியூரோஃபிலமென்ட் சோதனையும் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்கிறேன்.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பணி. 2004 முதல் அரசு தரும் இலவச மருந்தால் பிழைத்தவர்கள் இன்று முதுமையை எட்டுகிறார்கள். அவர்களில் என் தாயாரைப் போன்றவர்கள் எத்தனை பேர்!

இதை எழுதுமுன் தாயாரிடம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஊசி போடறதுக்கு முன்னால எதுக்குன்னு சொல்லுவாங்களா?" என்றார். சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாதென 2017இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள் என்றேன். "சட்டம் இருக்கட்டும், சொல்லுவாங்களா?" என்று மறுபடி கேட்டார்.